வீட்டு பிளக்கா, வெளி சார்ஜரா? மின்சார வண்டிக்குக் கடன் கேட்கும் முன் ஒரு கணக்கு



இந்த மாதப் பாடம் ஒரு கணக்குப் பாடம். பயப்பட வேண்டாம். பூண்டு மூட்டைக்கு வண்டி வாடகை, கமிஷன், தூக்குக்கூலி எல்லாம் கழித்து மிச்சம் எவ்வளவு என்று விரல்விட்டுச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. கூட்டத்தில் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். மற்றவர்கள் ஒரு நோட்டு, பேனா, வீட்டு ஈ.பி. கார்டு மூன்றையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பெல்லாம் குழுவில் கடன் என்றால் கறவை மாடு, தையல் மெஷின், பெட்டிக்கடை, காபிக்கு உரம் என்றுதான் எழுதுவோம். இப்போது வேறு மாதிரியும் கேட்கிறார்கள். "பேட்டரி ஸ்கூட்டர் வாங்கணும்" என்கிறார் ஒருவர். "வீட்டுக்காரர் டாக்ஸி ஓட்டுறாரு, அடுத்த வண்டி கரண்டு காரா எடுக்கலாமான்னு யோசிக்கிறோம்" என்கிறார் இன்னொருவர். "ரெண்டு ரூம் டூரிஸ்ட்டுக்கு விடுறோம், வர்றவங்க காருக்கு சார்ஜ் போடணும்னு கேக்குறாங்க, எவ்வளவு வாங்குறது?" என்று மூன்றாவது கேள்வி. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்தான். கரண்டை எங்கே நிரப்புகிறோம், அங்கே ஒரு யூனிட் என்ன விலை? இது தெரியாமல் கடன் தீர்மானம் எழுதினால், தவணை கட்டும்போது திணற வேண்டிவரும்.

யூனிட் என்றால் என்ன?

ஆயிரம் வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். நம் குளிருக்கு எல்லோரும் வைத்திருக்கும் வாட்டர் ஹீட்டர் 2000 வாட் என்றால், அரை மணி நேரத்தில் ஒரு யூனிட் போய்விடும். வண்டி பேட்டரியின் அளவையும் இதே யூனிட்டில்தான் சொல்கிறார்கள். ஸ்கூட்டர் என்றால் 2 முதல் 5 யூனிட் பிடிக்கும். சின்னக் கார் 17 முதல் 24 யூனிட். அதைவிடப் பெரிய கார் 30, 45 என்று போகும்.

ஊற்றிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து வரும்போது வழியில் கொஞ்சம் தளும்பிக் கொட்டுகிறதல்லவா? அதுபோல மீட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் வழியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் சூடாகி வீணாகும். 24 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப, மீட்டரில் 27 யூனிட் ஓடலாம். நமக்குக் கணக்கு மீட்டரில் ஓடுவதுதான். பேட்டரியில் இருப்பதை வைத்து ஈ.பி. ஆபீஸில் பணம் வாங்க மாட்டார்கள்.

வீட்டுக் கட்டணம் ஒரு படிக்கட்டு

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் என்ன நடக்கிறது என்பதைத்தான் பலர் பார்ப்பதில்லை. 2024 ஜூலையில் வந்த கட்டணத்தை வைத்து இந்தப் பாடம் முழுவதும் கணக்குப் போடுகிறோம். கட்டணம் மாறினால் மாறிய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், போடும் முறை ஒன்றுதான்.

இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100 யூனிட் 2 ரூபாய் 35 காசு. அதற்கடுத்த 200 யூனிட் 4 ரூபாய் 70 காசு. 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. ஏற ஏற விலையும் ஏறும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். டி.வி., மிக்ஸி, நாலு பல்பு, கொஞ்சம் ஹீட்டர். இரண்டு மாதத்துக்கு 160 யூனிட். 100 கழித்தால் 60. 60 பெருக்கல் 2.35, ஆக 141 ரூபாய் பில்.

இந்த வீட்டில் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வருகிறது. நாளைக்கு 25 கிலோமீட்டர், இரண்டு மாதத்தில் 50 நாள் ஓடுகிறது என்றால் 1250 கிலோமீட்டர். மலையில் 100 கிலோமீட்டருக்கு 4 யூனிட் வைத்தால் 50 யூனிட். மொத்தம் 210. பில் என்ன? இரண்டாவது நூறுக்கு 235, அதற்கு மேல் 10 யூனிட்டுக்கு 47, ஆக 282 ரூபாய். முன்பு 141. கூடியது 141 ரூபாய்தான். இதே 1250 கிலோமீட்டரைப் பெட்ரோல் ஸ்கூட்டரில் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓட்டினால் கிட்டத்தட்ட 28 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வட்டமாக வைத்தாலும் 2800 ரூபாய்.

"அக்கா, ராத்திரி முழுக்க போட்டா பில்லு எகிறிடாதா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பிளக் எவ்வளவு நேரம் செருகியிருந்தது என்பது கணக்கில்லை. எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் கணக்கு. பேட்டரி நிறைந்ததும் அதுவே நிறுத்திக்கொள்ளும். ஸ்கூட்டருக்கு வெளியே சார்ஜர் தேடி அலையவே தேவையில்லை. கார்களுக்கு வைத்திருக்கும் துரித சார்ஜரின் துப்பாக்கி ஸ்கூட்டரில் சேரவும் சேராது. எனவே ஸ்கூட்டர் பற்றிய பேச்சை இதோடு விட்டுவிடுவோம். வீட்டில் நல்ல எர்த் இருந்தால் தயங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

கார் வந்தால் கதை வேறு

அதே 160 யூனிட் வீட்டில் ஒரு சின்ன மின்சாரக் கார் நிற்கிறது. இரண்டு மாதத்தில் 2000 கிலோமீட்டர். மலை ஏறி இறங்கி சராசரியாக 100 கிலோமீட்டருக்கு மீட்டரில் 14 யூனிட் என்று வைத்தால் 280 யூனிட். வீட்டோடு சேர்த்து 440.

பில்: 235, அதோடு 200 யூனிட்டுக்கு 940, அதோடு 40 யூனிட்டுக்கு 252. மொத்தம் 1427 ரூபாய். பழைய 141-ஐக் கழித்தால் காருக்கு மட்டும் 1286 ரூபாய். யூனிட் ஒன்றுக்கு 4 ரூபாய் 60 காசு விழுகிறது. கிலோமீட்டருக்கு 64 காசு.

இதையே வெளியே போட்டால்? நெடுஞ்சாலை ஓரத் துரித சார்ஜர்களில் யூனிட் 18 முதல் 25 ரூபாய் வரை பார்க்கிறோம். 20 ரூபாய் என்று வைத்து, அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 23 ரூபாய் 60 காசு. 280 யூனிட்டுக்கு 6608 ரூபாய். வீட்டைப்போல் ஐந்து மடங்கு!

ஏன் இவ்வளவு வித்தியாசம்? கொள்ளை லாபம் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் நாம் போடுவது சாதாரண 15 ஆம்பியர் பிளக். சின்னக் கார் நிறைய எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். வெளியே இருக்கும் இயந்திரம் அதே காரை ஒரு மணி நேரத்தில் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற்றிவிடும். அந்த இயந்திரம் பல லட்சம் ரூபாய். அதற்கு டிரான்ஸ்பார்மர், இடத்து வாடகை, யாரும் வராத நாளிலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம், பராமரிப்பு. நமக்கு வீட்டில் கிடைக்கும் 100 யூனிட் இலவசமும் அரசு மானியமும் அவர்களுக்குக் கிடையாது. வீட்டு மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, வெளியே சார்ஜ் போடுவது சேவை என்பதால் அதற்கு உண்டு. வேகத்துக்கும் இடத்துக்கும் சேர்த்துத்தான் அந்தக் காசு.

வெளிச் சார்ஜரில் காசு தவிர இன்னொரு செலவும் இருக்கிறது. அதுதான் நேரம். கொடைக்கானல் நகரத்தில் சில தங்கும் விடுதிகளின் வளாகத்திலும், கீழே நெடுஞ்சாலையிலும்தான் சார்ஜர்கள். மேல்மலைக்காரருக்கும் கீழ்மலைக்காரருக்கும் அது கைக்கெட்டும் தூரம் அல்ல. சீசன் நாளில் முன்னால் இரண்டு கார் நின்றால் இரண்டு மணி நேரம் போச்சு. போனில் ஆப் வேண்டும், அதில் முன்கூட்டியே பணம் வேண்டும், டவர் கிடைக்க வேண்டும். டாக்ஸிக்காரருக்கு இரண்டு மணி நேரம் என்பது ஒரு சவாரி.

500 என்ற பள்ளம்

இந்தப் பாடத்தில் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்க வேண்டாம். இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 500-ஐத் தாண்டியவுடன், இரண்டாவது நூறு யூனிட்டுக்கு இருந்த 2.35 சலுகையும் போய்விடும். அதற்கும் 4.70 போடுவார்கள். தாண்டியதற்கு 8 ரூபாய் 40 காசு.

சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1805 ரூபாய். (235, 940, 630, கூட்டிப் பாருங்கள்.) 510 ஓடினால்? 101 முதல் 400 வரை 300 யூனிட், 4.70 வீதம் 1410. அடுத்த நூறு 630. மேலே 10 யூனிட் 84. மொத்தம் 2124. பத்தே யூனிட்டுக்கு 319 ரூபாய்! யூனிட் ஒன்று கிட்டத்தட்ட 32 ரூபாய். அந்தப் பத்து யூனிட்டை வெளிச் சார்ஜரில் போட்டிருந்தால் 236 ரூபாய்தான் ஆகியிருக்கும்.

ஆக வீடுதான் எப்போதும் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. கணக்கெடுக்க ஆள் வருவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது மீட்டர் 490-ல் நின்றால், அந்த இரண்டு நாள் காரை வீட்டில் செருகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். போயே ஆக வேண்டும், 15 யூனிட்டுக்குள் போதும் என்றால் வெளியே போடலாம். அதற்கு மேல் வேண்டும் என்றால் தாண்டியது தாண்டியதுதான், வீட்டிலேயே போட்டுவிடுங்கள். 15 யூனிட்டுக்கு மேல் போனால் மறுபடி வீடு மலிவாகிவிடுகிறது.

இதற்கு ஒரே வழி, கார் உள்ள வீட்டில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவது. கடைசியாகக் கணக்கெடுத்த எண் கார்டில் இருக்கும், அதைக் கழித்தால் இதுவரை ஓடியது வந்துவிடும். குழுவில் சந்தா எழுதுகிற பழக்கம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதிகம் ஓடும் வண்டிக்கும் ஒரு கணக்கு. இரண்டு மாதத்தில் 3000 கிலோமீட்டர் என்றால் 420 யூனிட். வீட்டோடு 580. பில் 2712. காருக்கு மட்டும் 2571, யூனிட்டுக்கு 6 ரூபாய் 12 காசு. பள்ளத்தில் விழுந்த பிறகும் வெளிச் சார்ஜரில் பாதி கூட இல்லை.

மலை ஏறினால் எவ்வளவு குடிக்கும்?

கம்பெனிக்காரர்கள் ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வது சமவெளிக் கணக்கு. வத்தலக்குண்டு சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2100 மீட்டர். ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் 1800 மீட்டர் ஏற வேண்டும். ஒரு டன் எடையை 1000 மீட்டர் உயரத்துக்குத் தூக்க 2.7 யூனிட் தேவை, இது எந்த வண்டிக்கும் மாறாத இயற்கைக் கணக்கு. சின்னக் காரும் நாலு பேரும் சேர்ந்து 1.4 டன் என்றால், வெறுமனே உயரத்துக்குத் தூக்கவே கிட்டத்தட்ட 7 யூனிட். மோட்டார் சூட்டில் போவது, சாலையில் உருளுவதற்கு ஆவது எல்லாம் சேர்த்து 13 யூனிட் வரை ஆகும். 24 யூனிட் பேட்டரியில் பாதிக்கு மேல் போய்விட்டது!

ஆனால் ஒரு நல்ல செய்தி உண்டு. இறங்கும்போது இந்த வண்டியில் மோட்டாரே ஜெனரேட்டர் போல மாறி, வேகத்தைப் பிடித்து நிறுத்திக்கொண்டே பேட்டரியில் கரண்டைத் திருப்பிப் போடும். கொடுத்தது முழுவதும் வராது, ஒரு பங்கு வரும். கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டோ பழனியோ இறங்கும்போது சதவீதம் பெரிதாகக் குறையாமல் போய்ச் சேர்வது அதனால்தான். பெட்ரோல் வண்டி இறக்கத்தில் பிரேக் கட்டையைத் தேய்த்துச் சூடாக்குவதோடு சரி.

இங்கேதான் மேலே வசிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவு வீட்டில் நூறு சதவீதம் நிரப்பிவிட்டு, காலையில் நேரே காட் ரோட்டில் இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் மேலும் தண்ணீர் ஊற்ற முடியுமா? பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் கரண்டுக்கு இடம் இருக்காது. கரண்டும் வீண், மோட்டார் பிடிப்பும் குறையும், வெறும் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போக வேண்டிவரும். கீழே இறங்கப் போகும் நாளில் 80 சதவீதத்தில் நிறுத்திவிடுங்கள். மாறாக, கீழே ஊரில் தங்கி மேலே ஏறும் நாளில் நிறைய நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். மார்கழி, தைக் குளிரில் பேட்டரி கொஞ்சம் சோம்பும். சார்ஜ் ஏறவும் நேரம் கூடும், ஓடும் தூரமும் குறையும்.

பூம்பாறைப் பக்கம் பூண்டு போடும் சகோதரிகளுக்கு ஒரு வேடிக்கையான விஷயம். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் கொடைக்கானல் மலைப்பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கத்தில்தான் போகிறது. சுமை இருக்கும்போது இறக்கம், காலியாகத் திரும்பும்போது ஏற்றம். மின்சார வண்டிக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது. சுவிட்சர்லாந்து நாட்டில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் 65 டன் கல் ஏற்றி மலையிலிருந்து இறங்கும் மின்சார லாரி ஒன்று, இறங்கும்போது சேர்த்த கரண்டிலேயே காலியாக மேலே ஏறி வந்துவிடுகிறது! நம் சரக்கு ஆட்டோ அந்த அளவுக்குப் போகாது. கொண்டை ஊசி வளைவில் சுமையோடு பிரேக் எப்படிப் பிடிக்கிறது, காலியாகவாவது அந்த ஏற்றத்தை மூச்சு வாங்காமல் ஏறுகிறதா என்று கடனுக்கு முன்பே ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஷோரூம் வாசலில் ஓட்டிக் காட்டுவது போதாது.

கடன் தாங்குமா?

இப்போது குழுவின் மேஜைக்கு வருவோம். ஒரே மாதிரி சின்னக் காரில் பெட்ரோலைவிட மின்சாரக் கார் 3 லட்சம் ரூபாய் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் 3 லட்சத்துக்கு, குறையும் அசலுக்கு நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியில், ஐந்து வருடத் தவணை மாதம் 6673 ரூபாய் வரும்.

இரண்டு மாதம் 2000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கார் மலையில் லிட்டருக்கு 14 கொடுத்தால் 143 லிட்டர், 14,300 ரூபாய். மின்சாரக் காரை முழுவதும் வீட்டில் சார்ஜ் போட்டால் 1286. மிச்சம் 13,014, மாதத்துக்கு 6507. தவணைக்குக் கிட்டத்தட்டச் சரியாகிறது. பாதி வீட்டில், பாதி வெளியே போட்டால் மாத மிச்சம் 5216 ஆகக் குறையும். முழுவதும் வெளியே போட்டால் 3846 மட்டும். தவணையில் மாதம் 2800 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும்.

கவனியுங்கள், வண்டி அதேதான், ஓட்டுகிறவரும் அதே ஆள்தான். பிளக் இருக்கும் இடம் மட்டும்தான் மாறியது. ஆகவே கார் கடன் கேட்டு வரும் உறுப்பினரிடம் ஊக்குநரும் பிரதிநிதியும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தக் கம்பெனி வண்டி?" என்பதல்ல. "ராத்திரி வண்டி எங்க நிக்கும்? அந்த இடம் வரைக்கும் உங்க மீட்டர்ல இருந்து வயர் வருமா?" என்பதுதான். மலையில் பாதி வீடுகள் சாலைக்கு மேலேயோ கீழேயோ படி ஏறித்தான் இருக்கின்றன. வண்டி சாலையோரம் நின்றால் வீட்டுக் கட்டணம் நமக்கு எட்டாத கனிதான். வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரர் யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குகிறார் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

மாதம் 1000 கிலோமீட்டர் கூட ஓடாத வண்டிக்கு இந்தக் கணக்கு உதவாது. குறைவாக ஓடினால் மிச்சமும் குறைவு, தவணை மட்டும் குறையாது. கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வார நாளில் 4000, வார இறுதியில் 6000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பும் போட்டது. உள்ளூர் டாக்ஸிக்கு இதனால் சவாரி கூடியதா குறைந்ததா என்பது உங்கள் வீட்டு நோட்டில்தான் இருக்கும். அந்த நோட்டைப் பார்த்துவிட்டுக் கடன் தொகையை எழுதுங்கள். சீசன் இரண்டு மாதத்தை வைத்துப் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

விருந்தாளி காருக்கு நம் கரண்டு

ரூம் விடும் சகோதரிகளுக்கு வருவோம். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் 45 யூனிட் பேட்டரி உள்ள காரில் வருகிறது. மலை ஏறி வந்ததில் 30 சதவீதம்தான் மிச்சம். "அக்கா, ராத்திரி சார்ஜ் போட்டுக்கறோம்" என்கிறார்கள். 70 சதவீதம் நிரப்ப, சேதாரத்தோடு 35 யூனிட் ஓடும். "நூறு ரூபாய் குடுங்க" என்று வாங்கிக்கொள்கிறோம்.

வீட்டுக்கும் ரூமுக்கும் சேர்த்து இரண்டு மாதம் 320 யூனிட் ஓடும் இடம் என்றால் பில் 799. ஆறு விருந்தாளிக் கார்கள் வந்தால் 210 யூனிட் கூடும். மொத்தம் 530. பில் 2292. கூடியது 1493. நாம் வாங்கியது 600. கையை விட்டுப் போனது 893 ரூபாய்!

"சரி, முன்னூறு வாங்கிடலாம்" என்று சொல்லும் முன் இன்னொன்று. வீட்டு இணைப்பை வைத்துக் காசு வாங்கிக்கொண்டு மற்றவர் வண்டிக்குச் சார்ஜ் போடுவது வீட்டு உபயோகம் ஆகாது. 2003-ஆம் வருட மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி, அனுமதித்த உபயோகத்தை மீறினால் உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் சோதனை நாளுக்கு முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். விவசாய இலவச இணைப்பிலிருந்து வண்டிக்கு வயர் இழுப்பதும் இதே குற்றம்தான். சொந்த வண்டிக்குச் சொந்த வீட்டில் போடுவதில் எந்தத் தடையும் இல்லை. வாடகைக்கு ஓட்டும் வண்டி, ரூம் விடும் வீடு என்றால் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் மனுவாக எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

முறையாகச் செய்ய விரும்பினால் வழி இருக்கிறது. சார்ஜ் போடும் இடம் வைக்கத் தனி லைசென்ஸ் தேவையில்லை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. தனி இணைப்பு வாங்கி, தனி மீட்டர் வைத்து, யூனிட் கணக்கில் காசு வாங்கலாம். 2024 செப்டம்பரில் வந்த மத்திய வழிகாட்டுதல், சார்ஜிங் நிலையங்களுக்குக் காலை 9 முதல் மாலை 4 வரை, சூரிய மின்சாரம் தாராளமாக வரும் நேரத்தில், சராசரிச் செலவில் 0.7 மடங்கும், மற்ற நேரத்தில் 1.3 மடங்கும் கட்டணம் வைக்கச் சொல்கிறது. அதாவது பகலில் போட்டால் மலிவு. விருந்தாளி ஏரியைச் சுற்றிப் பார்க்கப் போகும்போது வண்டியை இங்கேயே விட்டுப் போகச் சொன்னால் இருவருக்கும் லாபம். ஒரு வீட்டுக்கு இது கட்டுப்படியாகாது. ஊராட்சி அளவிலான கூட்டமைப்பு, நாலைந்து ரூம்கள் உள்ள தெருவில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் சேர்ந்து வைத்தால் யோசிக்கலாம். அங்கேயும் முதல் கேள்வி, மாதம் எத்தனை வண்டி வரும் என்பதே.

வயரைப் பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள்

காருக்கு எட்டு மணி நேரம் இடைவிடாமல் 3000 வாட்டுக்கு மேல் ஓடும். ஹீட்டர் பத்து இருபது நிமிடம் தாங்கும் பழைய வயர் இதைத் தாங்காது, இளகிப் புகையும். மீட்டரிலிருந்து தனியாக ஒரு கனமான செப்பு வயர், அதற்கென ஒரு எம்.சி.பி., கசிவு மின்சாரம் வந்தால் தானாக விழும் டிரிப்பர், 15 ஆம்பியர் பிளக். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. எர்த்தை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். பாறை மேல் கட்டிய வீடுகளில் எர்த் சரியாகப் பிடிக்காது. நம் ஊரில் பனியும் சாரலும் எப்போதும் உண்டு, தகரக் கூரைக்கு வெளியே பிளக் வைக்காதீர்கள். ஈ.பி. கார்டில் அனுமதித்த மின்பளு எவ்வளவு என்று இருக்கும். காரும் ஹீட்டரும் சேர்ந்து அதைத் தாண்டினால் கூடுதல் பளுவுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவையும் கடன் மனுவில் சேர்த்தே கேளுங்கள், பிறகு கைமாற்று வாங்கி அலைய வேண்டாம்.

காற்றடிக் காலத்தில் மரம் விழுந்து கரண்டு போவது நமக்குப் புதிதில்லை. 2018 நவம்பரில் கஜா புயலின்போது நாள்கணக்கில் இருட்டில் இருந்தோம். அந்த மாதங்களில் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாமல் வைத்திருங்கள். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய இரவில் அது உதவும்.

கூட்டத்தில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

ஒரு உறுப்பினர் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 180 யூனிட் ஓடுகிறது. மகள் கல்லூரிக்குப் போக வாங்கிய பேட்டரி ஸ்கூட்டர் 60 யூனிட் எடுக்கிறது. ஸ்கூட்டரால் பில் எவ்வளவு கூடும்? விடை 235 ரூபாய் வர வேண்டும். வேறு எண் வந்தவர்கள், முதல் 100 யூனிட்டைக் கழித்தோமா, 200-க்கு மேல் போன 40 யூனிட்டுக்கு 4.70 போட்டோமா என்று பாருங்கள். பிறகு அவரவர் கார்டை எடுத்து, கடைசி மூன்று கணக்கெடுப்பில் ஓடிய யூனிட்டை நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அடுத்த கூட்டத்தில் கார் கடன் கேட்டிருப்பவர்களின் கணக்கை எல்லோரும் சேர்ந்து போடலாம்.